கோதுமையை விட்டவர்களுக்கு எந்தத் தாவரப் பால்? வேலூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

கோதுமை போன்ற தானியங்களின் புரதத்தால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோய் என்று உறுதியானவுடன் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி ஆகியவற்றை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் பால் குடித்தாலும் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்ற நிலையில், காலைக் காபிக்கும் குழந்தையின் டம்ளருக்கும் எதை ஊற்றுவது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. கடை அலமாரியில் பாதாம், சோயா, ஓட்ஸ் என்று பெட்டிகள் நிற்கின்றன. வீட்டில் தேங்காயும் வேர்க்கடலையும் கேழ்வரகும் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி வேலூரில் சற்று வேறு விதமாக எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, சீலியாக் நோய் வட இந்தியாவில் ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேலும், வடகிழக்கில் ஏறத்தாழ ஐந்து பேருக்கும் இருக்கையில், தெற்கில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. எனவே நம் ஊர் மளிகைக் கடைக்காரருக்கும் மாவு மில்காரருக்கும் இந்த நோயைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதே சமயம், சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய இடங்களிலிருந்து வருபவர்கள் பலர், சுற்றியுள்ள விடுதிகளில் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்து உண்கிறார்கள். இவ்விரு தரப்பினருக்கும் பொருந்தும் விதத்தில்தான் இந்தத் தேர்வைப் பார்க்க வேண்டும்.

## முதலில் முடிவு செய்ய வேண்டியது: பாலை விடத்தான் வேண்டுமா?

பசும்பாலிலும் எருமைப்பாலிலும் குளூட்டன் கிடையாது. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை (rye) ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோயாளிக்கு அது குடலுக்குள் சென்றால், உடலின் எதிர்ப்பாற்றலே, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முனைகளான சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைத்துவிடுகிறது. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி இந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் உருவாகிறது என்பதால், அவை சிதைந்திருக்கும் காலத்தில் பால் ஒத்துக்கொள்ளாது. குளூட்டனை முழுமையாக விலக்கிச் சில மாதங்களில் குடல் ஆறியதும், பெரும்பாலானவர்களுக்குப் பால் மீண்டும் ஒத்துக்கொள்கிறது.

ஆகவே பலருக்குத் தாவரப் பால் சில மாதங்களுக்கான ஏற்பாடு மட்டுமே. அந்தக் காலத்திலும் நன்கு புளித்த தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஏனெனில் புளிக்கும்போது லாக்டோஸின் ஒரு பகுதி அமிலமாக மாறிவிடுகிறது. பாலில் ஒவ்வாமை உள்ளவர்கள், பிறவியிலேயே லாக்டேஸ் குறைந்தவர்கள், கொள்கையால் பாலைத் துறந்தவர்கள் ஆகியோருக்கு மட்டுமே இது நீண்ட காலத் தேர்வு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கோதுமையோடு பாலையும் ஒரேயடியாக நிறுத்தினால் எலும்பு நலிவு கூடலாம் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் குளூட்டன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாதிருந்தால்தான் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கலாம். இது எவ்வளவு சிறிய அளவு என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்: கோதுமை மாவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். தேக்கரண்டியில் பாதிகூட நிறையாத ஒரு கிராம் கோதுமை மாவு, ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கலந்தால் குளூட்டன் 100 மில்லிகிராமாகிறது. அது வரம்பைப் போல ஐந்து மடங்கு. எனவே எந்த விதையிலிருந்து பால் எடுத்தார்கள் என்பதைவிட, அந்த விதை எந்த வயலில் விளைந்தது, எந்த மூட்டையில் வந்தது, எந்த இயந்திரத்தில் அரைபட்டது என்பதே முக்கியம். இந்தக் கட்டுரையின் முடிவுகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

இரண்டாவது, பாலை விட்டதால் எதை இழக்கிறோம் என்பது. பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 3.2 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. சைவ உணவினருக்கு பி12 வைட்டமின் கிடைக்கும் முக்கிய வழியும் பால்தான். எந்தத் தாவரப் பாலிலும் அது இயற்கையாக இல்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. சீலியாக் நோயில் எலும்பின் அடர்த்தி ஏற்கெனவே குறைந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் இதைப் புறக்கணிக்க முடியாது.

மூன்றாவது, அன்றாடச் சமையலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பது. நான்காவது, விலைச் சீட்டில் தெரியாத செலவு: ஊறவைத்து அரைத்து வடிகட்டும் உழைப்பு, வேலூர் வெயிலில் கெட்டுப்போகும் வேகம், பிரித்த பெட்டியைச் சில நாட்களில் முடிக்க வேண்டிய கட்டாயம். ஐந்தாவது, கூடவே உள்ள வேறு நோய்கள். சீலியாக் நோயாளிகளுக்குத் தைராய்டு குறைபாடும் முதல் வகை நீரிழிவும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன; இவை இரண்டுமே பாலின் தேர்வை மாற்றக்கூடியவை.

## வேர்க்கடலைப் பால்

வட ஆற்காட்டு மண்ணில் வாழ்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் மிக எளிது: போளூர், ஆரணி, செங்கம் பக்கத்து மானாவாரி நிலங்களில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விளைகிறது, கோதுமை விளைவதில்லை. வயலில் கலப்படம் ஏற்பட வழியே இல்லை. மேல் ஓட்டோடு வாங்கி வீட்டில் உடைத்தால், மூட்டையிலும் கடையிலும் கலப்பதும் நின்றுவிடுகிறது. உடைத்த பருப்பைச் சில்லறையாக வாங்கும்போதுதான் கவனம் தேவை. திறந்த மைதா மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே கரண்டியால் இரண்டையும் அள்ளிப் போடும் கடைகள் உண்டு. மசாலாக் கடலை எதற்கும் ஆகாது, அதன் மேல்மாவில் மைதா இருக்கலாம்.

100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, தோலைத் தேய்த்து நீக்கி, வெந்நீர் விட்டு அரைத்து வடிகட்டி ஒரு லிட்டராக்கினால், திப்பியில் தங்குவது போக 100 மில்லிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை புரதம் இறங்கும். தண்ணீரைக் குறைத்தால் இன்னும் கூடும். வடித்த பாலைப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். இல்லையென்றால் பச்சை வாசனை போகாது, அடியும் பிடிக்கும். டீயில் இது நன்றாகவே சேர்கிறது. இதில் தயிரும் தோய்க்கலாம்: பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு ஓர் இரவு வைப்பது பலரும் செய்யும் முறை. திப்பி வீணாவதில்லை, சட்னிக்கோ பொடிக்கோ போகும்.

இதன் மறைந்த ஆபத்து பூஞ்சை. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு, பாலைக் காய்ச்சினாலும் அழியாது. சுருங்கியவை, நிறம் மாறியவை, கசப்பானவை எல்லாவற்றையும் ஊறவைக்கும் முன் பொறுக்கி எறிய வேண்டும். இந்த வேலைக்கு நேரம் ஒதுக்க முடியாதவர் கடலைப் பாலைத் தொடங்க வேண்டாம். கால்சியமும் இதில் குறைவு. கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் இதற்கு இடமில்லை.

## கேழ்வரகுப் பால்

கேழ்வரகுக் களியும் ஆடி மாதக் கூழும் நம் பகுதியின் உணவு என்பதால், பாலுக்குப் பதில் கேழ்வரகுப் பால் என்ற யோசனை எல்லா வீடுகளிலும் உடனே எழுகிறது. தானியத்தில் குளூட்டன் இல்லை. 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் பாலாக எடுக்கும்போது கணக்கு மாறுகிறது. ஒரு டம்ளர் பாலுக்கு 30 கிராம் கேழ்வரகு எடுத்தால் அதில் உள்ள மொத்தக் கால்சியமே 100 மில்லிகிராம்தான். அதிலும் கணிசமான பகுதி தோலோடு திப்பியில் தங்கிவிடும். அதே டம்ளர் அளவு, அதாவது 200 மில்லி, பசும்பாலில் 240 மில்லிகிராம் இருக்கிறது. மேலும், தானியத்திலுள்ள ஃபைட்டேட் எஞ்சிய கால்சியத்தையும் முழுதாக உறிஞ்சவிடாது; முளைகட்டினால் ஃபைட்டேட் ஓரளவு குறையும். ஆகவே கால்சியத்துக்காகக் கேழ்வரகை நாடுபவர், வடிகட்டாத மாவில் களியாகவோ அடையாகவோ உண்பதே பயன் தரும். பாலாக எடுப்பது, நோயிலிருந்து தேறும் பலவீனமான வயிற்றுக்கு இலகுவான கஞ்சியாக மட்டுமே சிறந்தது.

குளூட்டன் விஷயத்தில் பாலுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. மாவாக்க வேண்டுமென்றால் மில்லுக்குப் போக வேண்டும். அங்கே முன்னால் நின்றவரின் கோதுமை அரைபட்ட அதே கல்லில்தான் நம் கேழ்வரகும் அரைபடும். முதலில் இரண்டு படி அரிசியை அரைத்துவிட்டுப் பிறகு நம்முடையதைப் போடச் சொன்னால் கலப்பு குறையுமே தவிர நீங்கும் என்று சொல்ல முடியாது. பாலெடுக்க மில்லே வேண்டாம்: முழுத் தானியத்தைக் கல் பொறுக்கிக் கழுவி, ஊறவைத்து, முளைகட்டி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துவிடலாம். அந்த ஜாரும் துணியும் கோதுமைக்குப் பயன்படாதவையாக இருக்க வேண்டும். மைதா சலித்த சல்லடையில் வடிகட்டினால் செய்த பாடு எல்லாம் வீண்.

கடையில் ராகி மால்ட் என்று விற்கும் பொடிகளை எப்போதும் பாகப் பட்டியல் பார்த்தே வாங்க வேண்டும். முளைகட்டிய கேழ்வரகு மட்டுமே இருந்து, குளூட்டன் இல்லாதது என்றும் அச்சிட்டவையே பாதுகாப்பானவை. பார்லி மால்ட்டோ கோதுமையோ சேர்த்தவையும் அதே பெயரில் வருகின்றன. ஹார்லிக்ஸ் போன்ற பானங்கள் கோதுமையும் பார்லி மால்ட்டும் கொண்டவை என்பதால், எந்தத் தாவரப் பாலில் கலந்தாலும் கூடாது.

இதைக் காபி, டீக்கு ஊற்ற முடியாது, சூடேறியதும் கெட்டியாகிவிடும். அன்றன்று காய்ச்சி அன்றே குடிக்க வேண்டும்.

## சோயாப் பால்

ஊட்டத்தில் பசும்பாலுக்கு மிக அருகில் நிற்பது சோயா ஒன்றுதான்: 100 மில்லிக்கு ஏறத்தாழ 3 கிராம் புரதம், தரமும் நல்லது. கால்சியம் சேர்த்த பெட்டியாக இருந்தால் அந்தக் குறையும் தீரும். சேர்த்த கால்சியம் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். வளரும் குழந்தைக்குப் பாலை நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தால், மருத்துவரிடம் கேட்டு நான் முதலில் பார்ப்பது கால்சியம் சேர்த்த, இனிப்புச் சேர்க்காத சோயாவைத்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்தப் பாலும் தாய்ப்பாலுக்கோ மருத்துவர் சொல்லும் பால்மாவுக்கோ மாற்றாகாது.

குளூட்டன் இரண்டு வழிகளில் நுழைகிறது. மத்தியப் பிரதேசத்தில் மழைக்காலத்தில் சோயா, குளிர்காலத்தில் கோதுமை என ஒரே நிலத்தில் மாறி மாறி விளைவிக்கிறார்கள். ஆகவே சில்லறையாக வாங்கும் சோயா விதையில் கோதுமை மணிகள் தட்டுப்படலாம். தட்டில் பரப்பிப் பொறுக்கி, பலமுறை கழுவினால் இது சமாளிக்கக்கூடியது. இரண்டாவது, மால்ட் சுவை சேர்த்த பெட்டிகள். அவற்றை எடுக்கவே கூடாது.

வீட்டில் செய்பவர்கள் வடித்த பாலைக் குறைந்தது பதினைந்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உள்ளது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும், ஏனெனில் சோயாவும் கால்சியமும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. காலையில் மாத்திரை போட்டு அரை மணியில் சோயாக் காபி குடிப்பவருக்கு மருந்தின் அளவே தவறிப்போகும்.

## தேங்காய்ப் பால்

குளூட்டன் கோணத்தில் வீட்டில் துருவிப் பிழியும் தேங்காயைவிடப் பாதுகாப்பானது வேறில்லை: ஓட்டுக்குள் இருந்து நேராக நம் கைக்கு வருகிறது. குழம்புக்கும் ஆப்பத்துக்கும் பாயசத்துக்கும் இதற்கு ஈடில்லை. ஆனால் பாலுக்கு மாற்றாக நாள்தோறும் குடிக்க இது ஏற்றதன்று. புரதமும் கால்சியமும் சொற்பம், கொழுப்பு மிக அதிகம். குடல் ஆறாத தொடக்க மாதங்களில் கெட்டியான முதல் பால் பேதியைக் கூட்டலாம். இரண்டாம், மூன்றாம் பாலை மட்டும் பயன்படுத்தலாம். கொதிக்கவிட்டால் திரியும்; ஏப்ரல், மே மாதங்களில் பிழிந்த சில மணி நேரத்தில் புளிக்கும். பொடியாக விற்கும் தேங்காய்ப் பாலில் பால் புரதமான கேசினேட் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதைப் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பார்க்க வேண்டும்.

## பாதாம் பால்

பெட்டிகளில் வரும் பாதாம் பானத்தில் பெரும்பகுதி தண்ணீர். பாதாம் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான், புரதம் 100 மில்லிக்கு அரை கிராம் அளவே. ஆவின் பாலைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் வெண்ணிற நீர் என்றே இதைக் கருதுகிறேன். சர்க்கரை சேர்க்காத வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் காபிக்கு உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

## ஓட்ஸ் பாலும் அரிசிப் பாலும்

ஓட்ஸ் தானியத்தில் கோதுமையின் குளூட்டன் இல்லை. இருந்தும் சீலியாக் நோயாளிக்கு நான் கடைசியில் வைப்பது இதைத்தான். வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிடும் தானியங்களில் ஓட்ஸ் முதன்மையானது. இந்திய லேபிள் விதிகளும் அதைக் குளூட்டன் உள்ள தானியங்களின் வரிசையிலேயே வைத்திருக்கின்றன. பாலாக்கும்போது மாவுச்சத்தை உடைக்க நொதிகள் சேர்க்கிறார்கள். அவை பார்லியிலிருந்து எடுக்கப்பட்டவையாகவும் இருக்கலாம். அந்த நொதி மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக்குவதால், சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாலும் இரத்தச் சர்க்கரை வேகமாக ஏறும். தூய ஓட்ஸின் அவெனின் புரதமே ஒத்துக்கொள்ளாத நோயாளிகளும் ஒரு சிலர் உண்டு. குளூட்டன் இல்லாதது என்று வெளிப்படையாக அச்சிட்ட பெட்டியாக இருந்து, குடலும் நன்கு ஆறி, மருத்துவரும் சம்மதித்தால் மட்டுமே இதைத் தொடங்கலாம். காபியில் மிக நன்றாகச் சேர்வது இதுதான் என்பதை மறுக்கவில்லை.

அரிசிப் பால் எளிதில் செரிக்கும். ஆனால் புரதம் ஏறக்குறைய இல்லை, சர்க்கரையை வேகமாக ஏற்றும். அரிசியில் சேரும் ஆர்சனிக் காரணமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிசிப் பானத்தைப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம் என்பது பிரிட்டனின் அறிவுரை. மூன்று வேளையும் சோறும் இட்லியும் உண்ணும் நம் வீடுகளில் நான்காவது முறையாக அரிசியைக் குடிக்கத் தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| பால் | குளூட்டன் நுழையும் வழி | புரதம், 100 மில்லிக்கு | காபி, டீ | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வேர்க்கடலை, வீட்டில் | கடைக் கரண்டி, திறந்த மூட்டை | 1.5 முதல் 2 கிராம் | டீக்கு நன்று | பொறுக்கும் நேரம், பூஞ்சை |
| கேழ்வரகு, வீட்டில் | மாவு மில், மால்ட் பொடி | குறைவு | ஆகாது | அன்றன்று காய்ச்சுதல் |
| சோயா | விதையில் கோதுமை மணி, மால்ட் சுவை | சுமார் 3 கிராம் | காபியில் சில சமயம் திரியும் | தைராய்டு மாத்திரை இடைவெளி |
| தேங்காய், வீட்டில் | இல்லை | குறைவு | கொதித்தால் திரியும் | கொழுப்பு, விரைவில் புளித்தல் |
| பாதாம், பெட்டி | சுவையூட்டி | சுமார் 0.5 கிராம் | காபியில் திரியலாம் | விலை |
| ஓட்ஸ், பெட்டி | வயல், ஆலை, நொதி | சுமார் 1 கிராம் | மிக நன்று | விலை, சர்க்கரை |
| அரிசி | சுவையூட்டி, மால்ட் | மிகக் குறைவு | நீர்த்துப் போகும் | சர்க்கரை, ஆர்சனிக் |

## யாருக்கு எது

வீட்டில் அரைக்க ஆளும் நேரமும் இருக்கும் குடும்பத்துக்கு, டீக்கும் தயிருக்கும் வேர்க்கடலை, சமையலுக்குத் தேங்காய், கால்சியத்துக்குக் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் என்ற கூட்டு ஏற்பாடு போதுமானது. ஒரே பால் எல்லா வேலையையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் பலர் விலை உயர்ந்த பெட்டியில் போய் நிற்கிறார்கள்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் கால்சியம் சேர்த்த சோயாப் பெட்டியே நியாயமான தேர்வு. நீரிழிவும் சேர்ந்திருந்தால் சர்க்கரை இல்லாத சோயாவோ வேர்க்கடலையோ எடுத்து, ஓட்ஸையும் அரிசியையும் தவிர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சோயா, கடலை இரண்டையும் மருத்துவர் சொல்லும் அளவுக்குள்தான் எடுக்க வேண்டும்.

சிகிச்சைக்காக வந்து விடுதியில் ஓர் அடுப்போடு தங்கியிருப்பவர்களுக்கு, வடிகட்டவும் குளிரூட்டவும் வசதியில்லை. அவர்கள் ஒரே வேளையில் முடியும் சிறிய 200 மில்லி பெட்டிகளை வாங்குவது, பெரிய பெட்டியைப் பிரித்து வெயிலில் கெடவிடுவதைவிடச் சிக்கனம். பொதுச் சமையலறையின் பாத்திரங்களில் சப்பாத்தி மாவு ஒட்டியிருக்கும் என்பதால் தனியாக ஒரு பாத்திரமும் ஒரு கரண்டியும் வைத்துக்கொள்வது அவசியம்.

இங்கே பாலோடு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா சேர்க்கப்படுகிறது. பாலை நான்கு முறை மாற்றியும் வயிறு சரியாகவில்லை என்பவர்கள், ஐந்தாவது பாலைத் தேடும் முன் சாம்பாரில் போடும் பெருங்காய டப்பாவின் பாகப் பட்டியலைப் படிக்க வேண்டும். அரிசி மாவில் கூட்டியவையும் கிடைக்கின்றன.

எந்தப் பாலுக்கு மாறினாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சீலியாக் எதிர்ப்பொருள் பரிசோதனையோடு பி12, வைட்டமின் டி அளவுகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் அளவு இறங்கி, வயிறும் சீராகியிருந்தால், முதலில் தயிர், பிறகு அரை டம்ளர் காய்ச்சிய பால், ஒத்துக்கொண்டால் முழு டம்ளர் என்று சில வாரங்களில் பழைய பாலுக்குத் திரும்பிப் பார்க்கலாம். அரை டம்ளரிலேயே வயிறு உப்பினால் ஓரிரு மாதம் தள்ளிப்போட்டு மீண்டும் முயலலாம். அதுவரை மேலே சொன்ன ஏற்பாடு தொடரட்டும்.